கொம்பில் பல்பு

பிரெஞ்சுத் தலைநகரில், ரூ பஜோல் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை. கல்லாவுக்கு மேலே சுவரில் ஒரு மான் தலை கண்ணாடிக் கண்களோடு என்னைப் பார்க்கிறது. கிளை கிளையாக விரிந்த கொம்பில் வண்ணப் பல்புகள் மினுங்குகின்றன.

"நான்தான் சுட்டனான் அண்ணை," என்கிறார் கடை முதலாளி, என் முன்னால் ஆட்டிறைச்சி ரோல்ஸை வைத்தபடி. "வேட்டைக்குப் பெர்மி எல்லாம் எடுத்து, முறையாத்தான்."

"இறைச்சி?"

"அதை ஆர் அண்ணை சுமக்கிறது? தலையை மட்டும் வெட்டிக்கொண்டு வந்தனான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் வாழும் கனடாவில், இந்த வயதிலும், வருடத்துக்கு ஒரு எல்க் மான் சுடுகிறேன். நம் ஊர் மரை மானைவிடப் பெரிய உடம்பு. முழங்கால் கெஞ்சக் கெஞ்ச, கூறு போட்டுப் பனிக்குள் சுமந்து வருவேன். அடுத்த கோடை வரை வீட்டில் அதுதான் கறி. கொம்பு காட்டிலேயே கிடக்கும்.

"இறைச்சியை எறிஞ்சுபோட்டு மண்டைக்கு வெளிச்சம் போட்டிருக்கிறீர். வெக்கமா இல்லையோ?"

பாதி ரோல்ஸைத் தட்டில் போட்டுவிட்டு எழுகிறேன்.

அவர் தட்டைப் பார்க்கிறார். "சாப்பாட்டை வீணாக்கக் கூடாது அண்ணை."

திரும்ப உட்கார்கிறேன். அவர் முகத்தைப் பார்த்தபடியே கடைசித் துண்டு வரை மென்று விழுங்குகிறேன். ஆட்டோடு எனக்கென்ன கோபம்.