சுண்ணாம்புக் கோடு

எதிர்வீட்டில் வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கரைத்தார்கள். அந்த நெடி ஏறியதும் ஸ்ரீரங்கத்தில் நான் படித்த ஆரம்பப் பள்ளியின் மைதானம் நினைவுக்கு வந்து கோபம் பொங்கியது. விளையாட்டு விழாவுக்கு மட்டும்தான் அங்கே சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். ஆடியில் புழுதி, ஐப்பசியில் தண்ணீர், வைகுண்ட ஏகாதசிக்கு வெளியூர் வேன்கள், மிச்ச மாதங்களில் பி.டி. பீரியடை டீச்சர் கணக்குக்குப் பிடுங்கிக்கொள்வார். "ஓடி என்னத்தடி கிழிக்கப் போற? வாய்ப்பாட்டச் சொல்லு." எனக்கு வந்ததே ஓட்டம் ஒன்றுதான். அது கிடைக்காத படிப்பை ஐந்தாவதோடு விட்டுவிட்டேன்.

இப்போது அந்த மைதானத்தில் அடுக்குமாடி நிற்கிறது. வேறு பள்ளியில் மூன்றாவது படிக்கும் என் மகள் நேற்று, "இன்னைக்கும் பி.டி.ல கணக்குதாம்மா" என்றாள். போய்க் கேட்டால் பிள்ளைமேல் கறுவுவார்களோ என்று பயம்தான். இருக்கட்டும். செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பள்ளிக்குக் கிளம்பிவிட்டேன்.