முன்வரிசை முதுகு

நோட்புர்கா ஹின்டர்லைட்னர் பதினோரு வருடமாகச் சட்டசபை உறுப்பினர். அதற்கு முன் வால்ட்பாக் தபால் நிலையத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். வேலையில் பெரிய மாற்றமில்லை. குத்துவதற்குப் பதில் எழுந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆஸ்திரியாவின் அந்த மாநிலச் சபையில் ஆதரிப்பவர்கள் எழுவார்கள், எதிர்ப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எதை ஆதரிக்கிறோம் என்று ஆளுங்கட்சியில் யாரும் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. முன்வரிசையில் அவர்களுக்கு இரண்டே நாற்காலி: கொறடா பிக்லருக்கு ஒன்று, நோட்புர்காவுக்கு ஒன்று. பின்னால் இருப்பவர்கள் இறைச்சி பன்னை மென்றபடி, கைபேசியைத் தடவியபடி, அந்த முதுகுகள் மேல் ஒரு கண் வைத்திருப்பார்கள். முதுகு எழுந்தால் எழ வேண்டும். மனசாட்சிக்கும் கட்சியில் இடமுண்டு. அது உறுத்தினால், அனுமதி வாங்கிக்கொண்டு வாக்கெடுப்பு நேரத்தில் கழிவறைக்குப் போய்விடலாம்.

அந்த மார்ச்சில் வால்ட்பாக் ஆஸ்பத்திரியின் பிரசவப் பிரிவை மூட அரசு முடிவு செய்தது. அதை விட்டால் மலை தாண்டி அறுபது கிலோமீட்டர். நோட்புர்காவின் மகள் கெர்லிண்டேக்கு எட்டாம் மாதம். மூடக் கூடாது என்று எதிர்க்கட்சி தீர்மானம் கொண்டுவந்தது.

"எகோன், இந்த ஓட்டுக்கு நான் கழிவறைக்குப் போறேன்" என்றாள் கொறடாவிடம்.

"வெர்னர் முந்திக்கிட்டான். ரெண்டு பேர் போனா கணக்கு உதைக்கும். நீ சும்மா உக்காந்திரு. உக்கார்றதுல என்னம்மா கஷ்டம்?"

"என் பொண்ணு வலியோட பனியில மலை ஏறணும்."

"நல்ல டயரா மாட்டச் சொல்லு."

வாக்கெடுப்பு நெருங்கியபோது முதலமைச்சர் போனில் கூப்பிட, பிக்லர் வெளியே ஓடினார். சபைத் தலைவர் காத்திருக்கவில்லை.

"தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் எழுந்திருக்கவும்."

எதிர்க்கட்சி எழுந்தது. நோட்புர்காவும் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாகத் தானாக எழுந்தாள். இதோடு நம் கதை முடிந்தது என்று நினைத்தாள்.

பின்னால் நாற்காலிகள் கிறீச்சிட்டன. திரும்பினாள். ஆளுங்கட்சி மொத்தமும் நின்றுகொண்டிருந்தது, சிலர் வாயில் பன்னோடு.

"ஏகமனதாக நிறைவேறியது" என்றார் தலைவர்.

பிக்லர் வந்து பல்லைக் கடித்தார். "கட்சிக் கட்டுப்பாட்டை மீறியிருக்க."

"எப்படி? எல்லாரும் ஒண்ணாத்தானே நின்னோம். உன்னைத்தான் காணோம்."

ஒழுங்குக் குழு தீர விசாரித்தது. வெர்னர் அனுமதியோடு கழிவறையில் இருந்தார். கட்சியோடு நிற்காத ஒரே ஆள் கொறடாதான். அவருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை போனது.

ஏப்ரலில் கெர்லிண்டே வால்ட்பாக்கிலேயே பெற்றெடுத்தாள். கட்சி பூங்கொத்து அனுப்பியது. "நாங்கள் காப்பாற்றிய பிரிவில் பிறந்த குழந்தைக்கு" என்றது வாழ்த்து அட்டை. பிக்லரின் கையெழுத்து முதலில் இருந்தது. மற்றவர்கள் எல்லாம் அதற்குக் கீழே, வரிசையாக.