வாடல் மாடியில் ஒரு கால் சென்டர்

தேயிலை விலை படுத்துவிட்ட அந்த ஆண்டுகளில் குன்னூர்ப் பக்கம் ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக மூடின. அப்பா கிளார்க்காக இருந்த ஃபேக்டரியும் மூடியது. அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளை நம்பி மூட்டை கட்டிவிட்டார்கள். நாங்கள் மலையில் இருப்பதா இறங்குவதா என்பது எனக்கு வேலை கிடைப்பதைப் பொறுத்தது என்றாகிவிட்டது.

கிடைத்தது, அதே ஃபேக்டரியில். பச்சை இலையைப் பரப்பி வாடவிடும் மேல்மாடியை ஒரு கம்பெனி வாடகைக்கு எடுத்து, தடுப்பு போட்டு, கம்ப்யூட்டர்களை வைத்துக் கால் சென்டர் ஆக்கியது. ஏசி தேவையில்லாத ஊர், கான்வென்ட் இங்கிலீஷ், குறைந்த சம்பளம். இனி நீலகிரி இன்னொரு பெங்களூர்தான் என்று திறப்பு விழாவில் ஒருவர் முழங்கினார். நானும் கை தட்டினேன். சும்மா தட்டவில்லை, நம்பித்தான் தட்டினேன்.

ஆஸ்திரேலியாவில் பார்சல் வந்து சேராதவர்கள் எங்களைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். நாங்கள் சமாதானம் சொல்ல வேண்டும். என் இங்கிலீஷில் குறையில்லை. நாக்குதான் கோயம்புத்தூர் நாக்கு. "யெஸ்ங்க", "ஒன் மினிட்ங்க" என்று தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பெங்களூரிலிருந்து வந்த ட்ரெயினர் ஒவ்வொரு 'ங்க'வுக்கும் மதிப்பெண் வெட்டினார். மரியாதைக்கு அபராதம் கட்டியது வாழ்க்கையில் அங்கே மட்டும்தான். பற்றிக்கொண்டு வரும். பல்லைக் கடித்துக்கொள்வேன்.

ஆளைக் குறைக்கப் போவதாகப் பேச்சு வந்தது. வாடிக்கையாளரின் பாராட்டு பெற்றவர்களை வைத்துக்கொள்வார்களாம். எனக்கு ஒரு பாராட்டுகூட இல்லை. அம்மா திருப்பூரில் வாடகை விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். அப்போதுதான் ஒரு வயதான பெண்மணி கம்பெனிக்கு மெயில் அனுப்பியிருந்தார். இங்கா என்ற பெண் கடைசிவரை பொறுமையாகப் பேசினாள், அவளுக்கு என் நன்றி என்று. எங்கள் மாடியில் இங்கா யாருமில்லை. எங்களுக்குச் சூட்டியிருந்த வெள்ளைக்காரப் பெயர்களிலும் இல்லை.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ட்ரெயினரிடம் ஓடினேன்.

"சார், அது நானுங்க."

பதிவைப் போட்டுக் கேட்டார். நான் "யெஸ்ங்க, யெஸ்ங்க" என்று சொல்லச் சொல்ல, அந்த அம்மாள் ஒட்டிவந்த 'ங்க'வை 'இங்கா' என்ற என் பெயர் என்று எடுத்துக்கொண்டிருந்தார். ட்ரெயினர் விழுந்து விழுந்து சிரித்தார். பாராட்டை என் கணக்கில் சேர்த்தார்; அதே அழைப்பில் வந்த 'ங்க'வுக்கெல்லாம் மதிப்பெண்ணையும் வெட்டினார். எப்படியோ வேலை தப்பியது. அன்று வீட்டில் கோழிக் குழம்பு. "இனித் திருப்பூர்ப் பேச்ச எடுக்காதீங்க" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள்.

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் கம்பெனியே போய்விட்டது. மிச்சமிருந்த எங்களையெல்லாம் நிற்கவைத்து, இதைவிட மலிவாகப் பேச வேறொரு நாட்டில் ஆள் கிடைத்துவிட்டார்கள் என்றார்கள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எங்கள் தேயிலையையும் வெளிநாட்டில் இதே காரணம் சொல்லித்தான் வாங்காமல் விட்டிருந்தார்கள். ஊட்டி வரை போய் வேலை தேடிப் பார்த்தேன். டூரிஸ்ட் சீசன் முடிந்து அங்கேயும் கடைகளில் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

திருப்பூருக்குக் கிளம்பினோம். மலை இறங்கும் வழியில் பஸ் பர்லியாரில் நின்றது. எல்லாரும் டீ குடிக்க இறங்கினார்கள். அப்பா இறங்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"ஏங் கண்ணு, உங்க கம்பெனி எந்த நாட்டுக்குப் போயிருக்குது?"

சொன்னேன். அந்தப் பெயரை அவர் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"நம்மூர்ல தேயிலை விழுந்துச்சு, அவங்க வந்தாங்க. அங்க என்ன விழுந்துச்சாம்?"