உள்ளே விட்ட துணி

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். என் அக்கா புருஷன் விஷயத்தில் அது தலைகீழ். வயிறு முன்னால் போக அவர் பின்னால் வந்த காலத்தில் மனுஷன் எதற்கும் பயந்ததில்லை. கனம் இறங்கிய பிறகுதான் பயம் ஏறிக்கொண்டது.

அத்தான் தையல்காரர். வெட்டுவதும் மிஷின் மிதிப்பதும் அவர். காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, கைத்தையல் எல்லாம் அக்கா. இஸ்திரிப் பெட்டி என்னுடையது. கடைக்கு மேலேயே வீடு, அதே வீட்டில்தான் நானும். ஆகவே இது காதால் கேட்ட கதையல்ல.

டாக்டர் மிரட்டியதில் அத்தான் வாயைக் கட்டினார், விடிந்தும் விடியாமலும் நடந்தார், ஆள் பாதியாக இறங்கினார். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் "என்ன மாஸ்டர், அடையாளமே தெரியல!" என்றார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்துச் சாவிக்கடைக்காரருக்கு அது பொறுக்குமா? "எங்க மாமா பையனும் இப்படித்தான் இளைச்சான் மாஸ்டர். அப்புறம் போன மச்சான் திரும்பி வந்த கதைதான். இப்போ முன்னைவிட டபுள்" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்குப் பிடித்த பயம் பிறகு அத்தானை விடவே இல்லை.

முதலில் எடை மிஷின் வாங்கினார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அதில் ஏறுவார், அந்தத் தண்ணீரின் கனத்தைப் பார்த்து முகம் செத்துப்போகும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அக்கா அதைத் தூக்கிப் பரணில் போட்டாள்.

"மிஷின் பொய் சொல்லும்டா. துணி பொய் சொல்லாது" என்று அத்தான் வேறு வழி பிடித்தார். தன்னுடைய பழைய சாம்பல் நிறப் பேன்ட் ஒன்றை எடுத்து, இளைத்த இடுப்புக்குக் கச்சிதமாக, நடுவில் சுண்டுவிரல்கூட நுழையாதபடி பிடித்துத் தைத்தார். காலையில் எழுந்ததும் அதை மாட்டி, பட்டன் போட்டு, கழற்றி ஆணியில் தொங்கவிடுவார். அவ்வளவுதான் அந்தப் பேன்ட்டுக்கு வேலை. அறை வாசலைத் தாண்டி அது வந்ததே இல்லை.

"ஊர் இடுப்பையெல்லாம் அளக்கிற டேப் கழுத்துலேயே தொங்குதே அத்தான், அதால அளந்தா ஆகாதா?" என்று கேட்டேன்.

"தன் இடுப்பைத் தானே அளக்கிறவன் மூச்சைப் பிடிச்சுக்குவான்டா" என்றார். அதுவும் சரிதான்.

பிடித்ததுபோக உள்ளே மடிந்த துணியை அவர் வெட்டவில்லை. இளைத்தவர்கள் யார் வந்தாலும் அவர் முறை அதுதான். "உடம்பை நம்பலாம், வாயை நம்பக்கூடாது. உள்ளே துணி இருக்கட்டும்" என்பார். தன் வாயைப் பற்றியும் அவருக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

பட்டன் சுலபமாக ஏறினால் வீட்டில் எல்லோருக்கும் நல்ல பொழுது. கொஞ்சம் இறுக்கினால் போச்சு. தன் தட்டைத் தள்ளிவிட்டு என் தட்டை முறைப்பார். யார் வீட்டு விருந்துக்கும் வருவதில்லை. சிரிப்பு நின்றுபோனது. ஒருநாள் யோசனை எங்கேயோ இருக்க, ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவைத்தார். சட்டைக்காரருக்கு நான்தான் பதில் சொன்னேன். எனக்கு வந்த கோபத்துக்கு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கவே வேண்டியிருக்கவில்லை.

பிறகு ஒரு காலையில் பட்டன் வழுக்கிக்கொண்டு ஏறியது. மறுநாளும் அப்படியே. அத்தானுக்குப் போன உயிர் திரும்பியது. நடையை அவர் விடவில்லை. ஆனால் வயிற்றைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நடந்தார். எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். தன் தங்கை வீட்டு விருந்துக்குப் போய் எல்லோரையும் சிரிக்கவைத்தார். சாவிக்கடைக்காரரிடம், "உங்க மாமா பையனை அனுப்புங்க, அளவெடுக்க ரெண்டு டேப்பை முடிஞ்சு வைக்கிறேன்" என்றார். நல்ல மாதங்கள் அவை.

அந்தத் தைரியம்தான் வினையானது. ஒருநாள் அந்தப் பேன்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு இறங்கி வந்தார்.

"இனிமே இந்த உள்துணி எதுக்கு? வெட்டப்போறேன்" என்று கத்தரிக்கோலை எடுத்தார்.

"வேணாம்! இருக்கட்டுமே" என்று அக்கா பதறினாள். அதற்குள் அவர் பேன்ட்டைப் புரட்டிவிட்டார்.

பின்தையலில் அவர் மிஷினில் ஓட்டிய கோடு இல்லை. கோடு இருந்த இடத்தில் ஊசித் துளைகள் மட்டும் வரிசையாக இருந்தன. அதற்கு வெளியே, தள்ளி, நெருக்கமான கைத்தையல். காஜா எடுக்கிற கை எது என்று அந்தக் கடையில் கேட்கவேண்டியதில்லை.

"பிரிச்சு லூசா விட்டியா?"

அக்கா ஊசியைக் கீழே வைத்தாள். "ஆமா."

"டேப்பை எடு."

அவரே கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அக்கா டேப்பைச் சுற்றினாள்.

"மூச்சை விடுங்க."

"விட்டாச்சு."

"விடல."

விட்டார். டேப் நகர்ந்தது. "ஒண்ணரை இஞ்ச் கூட" என்றாள்.

இத்தனை நாள் எதற்கு நடுங்கினாரோ அது வந்தேவிட்டது. அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்தார். கடையே இடிந்து விழப்போகிறது என்று நான் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினேன்.

"எப்போ பிரிச்ச?"

"நீங்க அந்தச் சட்டைக்கு ரெண்டு இடது கை வெட்டுனீங்களே, அதுக்கு மறுநாள்." அவள் டேப்பைச் சுருட்டினாள். "நீங்க குண்டா இருந்தப்பவும் நான் உங்களோட சந்தோஷமாத்தான் இருந்தேன். இளைச்சப்பவும் சந்தோஷம்தான். இப்படி ஒரு பட்டனுக்குப் பயந்து செத்துக்கிட்டு இருக்கிறவரோடதான் என்னால முடியல."

அத்தான் மெதுவாகக் கேட்டார். "அப்போ தங்கச்சி வீட்டுக்குப் போனமே, அது?"

"இந்த இடுப்போடதான்."

"சாவிக்கடைக்காரரை நான் கலாய்ச்சது?"

"இதே இடுப்புதான் அத்தான்" என்றேன் நான்.

அவர் பேன்ட்டைப் பார்த்தார். கத்தரிக்கோலை ஓரமாக வைத்தார். மிஷினில் உட்கார்ந்து, அக்காவின் தையல் மேலேயே, நூல் பிசகாமல், தன் கோட்டை ஓட்டினார்.

"கைத்தையல் தாங்காது" என்றார். அவளைப் பார்க்கவில்லை. ஆனால் உதட்டோரம் சிரிப்பு இருந்தது.

"உள்துணி?" என்று கேட்டேன்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும். உனக்கென்ன?"

"அப்போ நாளைக்குக் காலையிலயும் மாட்டிப் பார்ப்பீங்களா?" என்றாள் அக்கா.

"மாட்டுவேன். வெளிய போகத்தான்" என்று அத்தான் பேன்ட்டை என் பக்கம் வீசினார். நான் ஒயரை மறுபடி சொருகி, ஆணியில் தொங்கித் தொங்கியே கசங்கிப்போயிருந்த அதற்கு இத்தனை நாளில் முதல்முறையாக இஸ்திரி போட்டேன்.