கையைப் பிடித்தால் என்ன செய்வது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தற்காப்பு வகுப்பு தேடிக் கிளம்பியது அம்மா, தங்கை சுகன்யா, நான். அப்பா வரவில்லை. "அடிதடி கத்துக்கிட்டு எவங்கூடச் சண்டைக்குப் போறா? வேலையை உட்டுப்போட்டு ஊட்ல இருக்கச் சொல்லு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

விஷயம் இதுதான். சுகன்யா ஒரு ஜவுளிக் கம்பெனியில் பில்லிங் பார்க்கிறாள். அந்த வாரம் உக்கடத்தில் கூட்டத்தோடு பஸ் ஏறும்போது ஒருத்தன் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்திருக்கிறான். உதறிவிட்டு ஏறிவிட்டாள். வீட்டில் வந்து சொன்னதுதான் வம்பாகிவிட்டது. "ஒரு மாசம் பாக்கறேன். இவ சமாளிச்சுக்குவான்னு எனக்குத் தோணோணும். இல்லாட்டி வேலை வேண்டாம்" — அப்பாவின் தீர்ப்பு.

எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான். அதனால் எதைக் கேட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்! ராப்பகலாக வீடியோ பார்த்தேன். கராத்தே, குங்ஃபூ, களரி, டேக்வாண்டோ… தலை சுற்றியது. சுகன்யாதான் எளிதாக்கினாள். போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி — "கையைப் புடிச்சு இழுத்தா என்னங்க பண்றது?"

கராத்தே, ஒரு கல்யாண மண்டபத்தின் மொட்டை மாடியில். "முழங்கையால ஒண்ணு வைங்க. வைக்கறப்ப அடிவயித்துல இருந்து கத்துங்க" என்றார் மாஸ்டர். சுகன்யா கத்தினாள் — "உடுங்க!" வகுப்பே சிரித்தது. "அவனுக்கு எதுக்குங்க அம்மணி மரியாதை?" என்றார் அவர், மரியாதையாக.

டேக்வாண்டோ சொல்லித்தரும் பெண், "கைக்கு எட்டற தூரத்துக்கு அவனை ஏனுங்க உடறீங்க? அதுக்கு முன்னாடியே உதைச்சுப்போடோணும்" என்று காலைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். அம்மா, "அந்தக் கூட்டத்துல காலை வெக்கவே எடமில்லீங்களே!"

காரமடைப் பக்கம் சிலம்பம். முதலில் குச்சியே தருவதில்லை, காலடிதான் பழக்குகிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது. அம்மா விடவில்லை. "பஸ்ஸுக்குள்ள குச்சி சுத்த உடுவாங்களா கண்ணு?"

திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. எல்லாக் கலையும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: எதிரி எவ்வளவு தூரத்தில் நிற்கிறான்? சிலம்பத்துக்கு ஒரு கம்பு தூரம். டேக்வாண்டோவுக்கு ஒரு கால் தூரம். கராத்தேவுக்கு ஒரு கை தூரம். சரி… தூரமே இல்லாவிட்டால்?

அதற்குத்தான் ஜூடோ. அங்கே கணக்கே எதிரி சட்டையைப் பிடித்த பிறகுதான் தொடங்குகிறது. பள்ளிக்கூட ஹாலில் பாய் விரித்திருந்த மாஸ்டர் சொன்னார்: "இழுத்தா கூடவே போங்க. நீங்க பின்னாடி இழுப்பீங்கன்னு நெனச்சுத்தான் அவன் பலத்தைப் போடறான். நீங்களும் சேர்ந்து போனா தடுமாறுவான். அப்பக் காலைத் தட்டுங்க."

"கூடவே போறதா! இதுக்கா இத்தன தூரம் வந்தோம்?" என்றார் அம்மா. சுகன்யா அங்கேயே பேர் கொடுத்தாள்.

மாதம் முடிந்தது. அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். போன ஞாயிறு எழுந்து வந்து அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"இப்ப என்ன பண்ணுவே?"

"வேண்டாங்ப்பா… உடுங்ப்பா."

"உடலீன்னா?" என்று வெடுக்கென்று இழுத்தார்.

கூடவே போனாள்.

அவ்வளவுதான் நான் பார்த்தது. அடுத்த கணம் டீப்பாய்க்கும் டிவி ஸ்டாண்டுக்கும் நடுவே அப்பா மல்லாந்து கிடந்தார். சுகன்யா அழ ஆரம்பித்துவிட்டாள். விழும்போது அப்பா ஊன்றிய கை வீங்கிக்கொண்டு வந்தது. ஆட்டோ பிடித்து ஓடினோம். நல்லவேளை, எலும்பு முறியவில்லை, சுளுக்குதான்.

கட்டுப் போட்டு வெளியே வந்தோம். ஆட்டோவில் ஏறியதும் அப்பா சுகன்யாவிடம் மெல்லக் கேட்டார்: "நாளைக்கு உனக்கு எத்தன மணிக்கு சிஃப்ட் கண்ணு?"

"ரெண்டு மணிக்குங்ப்பா."

"நேரத்துல கெளம்பீரு."

டாக்டர், எக்ஸ்ரே, கட்டு, மாத்திரை, போக வர ஆட்டோ — மொத்தம் ஆயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய். அப்பாவே கட்டினார்.