நாலு விரல் வாட்டம்

செயற்கைப் புல் போடுகிறவனுக்குப் புல்லில் வேலை குறைவு. அதன் அடியில் தண்ணீருக்கு வழி விடுவதுதான் வேலை. களிமண் வாசலில் மழைக்குச் செருப்பைப் பறிகொடுத்தவர்களுக்கும், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வீடு திரும்பி மனசுக்குள் நூறு முறை சொல்லிப் பார்த்தவர்களுக்கும் என் பாடு புரியும். நான் எட்டாவதோடு நின்றவன். பேச்சு வராது, எண்ணிக்கை வரும். இதுவரை முப்பத்தோரு வாசலுக்குப் புல் போட்டிருக்கிறேன். இது இருபத்தாறாவது வாசலின் கதை.

குட்டை

பழவேற்காடு ஏரியோரக் குப்பம் ஒன்றில் சேகர் வீடு. அவன் காட்டுப்பள்ளியில் துறைமுக வேலைக்குப் போகிறவன். போன மழையில் அவன் அம்மா வாசல் சேற்றில் வழுக்கி விழுந்து கை முறிந்தது. அதனால்தான் புல்.

முதல் நாள் காலையில் வாசல் நடுவே ஒரு முழம் ஆழத்துக்குக் குழி வெட்டி, இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றினேன். மணலாக இருந்தால் நூறு எண்ணுவதற்குள் குடித்துவிடும். இது உப்பேறின களி. சாயங்காலம் குச்சி விட்டுப் பார்த்தேன். அரை விரல்கூடக் குறையவில்லை. வேலை முடிந்து வந்த சேகர் குழியை எட்டிப் பார்த்தான். "இன்னா நைனா, இறா விடறதுக்குக் குட்டை வெட்டிக்கினு கீறியா?"

பதினொரு மூட்டை

களியை அரை அடி வாரிவிட்டு ஜல்லி கொட்ட வேண்டும். ஜல்லி லாரி குப்பத்துச் சந்துக்குள் நுழையவில்லை. மறுநாள் நான் வருவதற்குள் சேகரின் கூட்டாளிகள் ஏரியிலிருந்து கிளிஞ்சலை வாரிவந்து பதினொரு மூட்டை அடுக்கிவிட்டார்கள். ஜல்லிக்குப் பதில் கஷ்டமில்லாமல் கிடைத்தது என்று அவர்களுக்குச் சந்தோஷம். ஒரு மூட்டையைப் பிரித்தேன். பாதிக்கு மேல் வாய் மூடி உயிரோடு இருந்தன. புல்லுக்கு அடியில் அவை செத்து அழுகினால் அந்த வாசலில் யாரும் நிற்க முடியாது.

பதினொன்றையும் திருப்பி அனுப்பினேன். ஜல்லியைத் தெருமுனையில் கொட்டச் சொல்லி, கூடையில் தலைச்சுமையாகக் கொண்டுவந்தோம். நானூற்றுப் பன்னிரண்டு கூடை. கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த சேகரின் அம்மாவுக்கு என்மேல் கோபம். "நாங்க பொறந்ததே கவிச்சில. உன் புல்லு மட்டும் இன்னா, சைவமா?"

வேலி ஓரம்

தண்ணீர் தானாக ஓடும்படி தரையைச் சரிப்பதை வாட்டம் என்போம். வாட்டம் எந்தப் பக்கம் என்று பார்க்க டியூப்பில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடித்தேன். தெருப்பக்கம் புதுசாகப் போட்ட சிமெண்ட் ரோடு வாசலைவிட ஒரு சாண் உயரம். பின்னால் வீடு. மிச்சமிருந்தது கிழக்கு வேலி. வேலிக்கு அந்தப்பக்கம் தேசம்மாவின் வாசல், நாலு விரல் பள்ளம். தனியாக இருக்கிறவள். கெட்டித்த அந்தத் தரையில் வலையை விரித்து இறா காயவைப்பாள். மழையில் ஏரிக்குப் போக முடியாத நாள்களில் அந்தக் கருவாட்டை விற்றுத்தான் அவள் அடுப்பெரிய வேண்டும்.

வீட்டைச் சுற்றி அறுபது அடிக்குக் குழாய் பதித்து ஓடையில் விட்டால் யாருக்கும் தொல்லையில்லை. சேகரிடம் சொன்னேன். "அப்புறம் பாத்துக்கலாம் நைனா, அம்மா நடக்கணும்" என்றான். தேசம்மாவிடமாவது சொல்லலாம் என்று இரண்டு தடவை வேலி ஓரம் போனேன். முதல் தடவை, "வெயில் ஜாஸ்தி" என்றேன். இரண்டாவது தடவையும் அதையேதான் சொன்னேன். அவள் சிரித்தாள். "ஆமா பெரியவரே, இறாவுக்கு இதான் வேணும்!"

பத்தொன்பது

வாட்டம் கிழக்கே விட்டேன். புல்லை விரித்து ஒட்டி, ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றி எண்ணினேன். பத்தொன்பதில் தண்ணீர் காணோம். நான் போட்டதிலேயே அதுதான் வேகம். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன்.

புல் போட்ட ஒன்பதாம் நாள் விடியலில் மழை பிடித்தது. சேகர் போன் பண்ணினான். "சொட்டுத் தண்ணி நிக்கல நைனா! எங்கம்மா வெறுங்கால்ல நடந்துகினு கீது!"

நான் குடையோடு ஓடினேன். சேகர் வாசலில் ஈரம்கூட இல்லாத மாதிரி இருந்தது. வேலிக்கு அந்தப்பக்கம் அவன் வாசல் தண்ணீரும் கூரைத் தண்ணீரும் சேர்ந்து நின்றன. களி ஒரு சொட்டும் குடிக்கவில்லை. ஏழு கூடை இறா, மூன்று நாள் காய்ந்தது, ஊறி வெளுத்து மிதந்தது. தேசம்மா இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் வேலியைத் தாண்டிப் போய், ஏன் என்று தெரியவில்லை, தண்ணீரில் கையை விட்டேன். சரியாக நாலு விரல். அவள் நிமிர்ந்து என் கையைப் பார்த்தாள். "அளந்து பாக்கறதுக்கா வந்தீங்க?"

அறுபது அடி

மழை விட்டதும் மண்வெட்டியோடு போனேன். யாரும் கூப்பிடவில்லை. ஐந்து நாளில் அறுபது அடி வெட்டிக் குழாய் பதித்தேன். வாட்டத்தை ஓடைப் பக்கம் திருப்பினேன். இப்போது இரண்டு வாசலிலும் தண்ணீர் நிற்பதில்லை. ஆனால் தேசம்மாவின் தரை ஊறி, காய்ந்து, பாளம் பாளமாக வெடித்துவிட்டது. வெடிப்பில் இறா விழுகிறது. அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் போய்க் காயவைக்கிறாள்.

கடைசி நாள், மண்ணை மூடிவிட்டு, மட்டம் பிடித்த அன்றே எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொன்னேன். அதைச் சொல்ல அரை மணி நேரம் பிடித்தது. அவள் திட்டவில்லை. கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா இறாவ வாரி உள்ள வெச்சிருப்பேனே, பெரியவரே."

இந்தப் புல் வாடாது, இதற்கு வாட்டமே கிடையாது என்று சொல்லித்தான் கடையில் விற்கிறார்கள், அது உண்மைதான், வாட்டமெல்லாம் போட்டவனுக்கும் பக்கத்து வீட்டுக்கும்தான்.