மில் வாசலில் படித்த ஜெபக்குறிப்பு

அந்த முதல் சனிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: அம்மா, அம்மாவோடு தேங்காய் நார் மில்லில் வேலை செய்யும் ஆறு பெண்கள், எங்கள் சபையின் உபதேசியார், நான். இல்லாதவர் சின்னம்மா. பதினைந்து நாள் முன்பு அதே மில்லில் தேங்காய் மட்டை அடிக்கிற மெஷினில் அவருடைய வலது கை சிக்கி, இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தார். முதல் நாள் கட்டுப் போட்ட செலவோடு மில் முதலாளி ஒதுங்கிக்கொண்டார். இனி வேலைக்கும் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

எங்கள் ஊர் கிணத்துக்கடவுக்குப் பக்கம். தொண்ணூறுகளில் தோப்புக் கூலியை விட்டு நார் மில்லுக்குப் போனவர்கள் அங்கே அதிகம். ஜெபிக்கிற பெண்கள் என்றால் அந்த முதலாளிக்குப் பிரியம், எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்று சொல்லிச் சிரிப்பாராம். மாதத்தில் ஒரு நாள் சாமி கும்பிட லீவு எடுப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். பட்டினி கிடப்பார்கள் என்று தெரியாது.

வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான் என்பதால் ஜெபக்குறிப்பு எழுதுவது என் வேலை. சின்னம்மாவுக்காக, கைவிரல் குணமாகவும் மனம் தேறவும் வேண்டும் என்று எழுதியிருந்தேன். நன்றாக எழுதிவிட்டதாக எனக்குப் பெருமை. படித்ததும் அம்மா கண்ணைத் திறந்தார்.

“வெட்டி எடுத்த வெரலு மொளைக்குமா கண்ணு? அவளுக்கு என்ன வேணுமோ அதை எழுது.”

அடித்துவிட்டு எழுதினேன்: வைத்தியச் செலவை மில் தர வேண்டும், கை ஆறியதும் உட்கார்ந்து செய்கிற வேலை தர வேண்டும். படித்தேன். அம்மா உபதேசியாரைப் பார்த்துச் சொன்னார்.

“இது கர்த்தருக்கு முன்னமே தெரியுமுங்க. தெரியாதவரு மில்லுல இருக்காரு. அங்க போயிப் படிக்கலாமுங்க.”

பாதி ஜெபத்தில் எழுந்தால் உபவாசம் முறிந்துபோகும் என்று அவர் பதறினார். முறிக்கவில்லை, நடந்துகொண்டே இருக்கப்போகிறோம் என்று சொல்லி அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். முதலாளி முன்னால் நிமிர்ந்தே பார்த்திராத அம்மா. பின்னால் ஆறு பேரும். கடைசியில் உபதேசியாரும் செருப்பைத் தேடினார்.

மில் வாசலுக்கு முதலாளி வந்தார். தாளைப் படித்தேன். பழக்கத்தில் முடிவில் ஆமென் என்றேன். பெண்கள் ஏழு பேரும் ஆமென் என்றார்கள். நார்த்தூசி பறக்கிற அந்த வெயிலில் எனக்குப் புல்லரித்தது. கோயிலில்கூட அப்படியொரு ஆமென்னை நான் கேட்டதில்லை.

முதலாளி டீ வரவழைத்தார். யாரும் தொடவில்லை. தண்ணீரையும் வேண்டாம் என்றார்கள். காலையிலிருந்தே சாப்பிடவில்லை என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது. உண்ணாவிரதப் போராட்டம் என்று நினைத்துவிட்டார். பஸ் போகிற ரோடு. போலீஸ், பத்திரிகை என்றெல்லாம் மனதில் ஓடியிருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் இரண்டுக்கும் ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தாள் என் சட்டைப் பைக்குள் போனது. அப்படியே கிளம்பியிருக்கலாம். அம்மா கிளம்பவில்லை.

“ஏனுங்க மொதலாளி, நாங்க பட்டினி கெடக்கறது உங்க மேல கோவிச்சுட்டு இல்லீங்க. மாசாமாசம் இருக்கறதுதானுங்க. தப்பா நெனச்சுப்போட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க.”

என் கை தானாகப் பையை மூடிக்கொண்டது. முதலாளி அம்மாவையே பார்த்தார். பயம் விலகியது முகத்திலேயே தெரிந்தது.

“போட்டது போட்டதுதான் புள்ள. ஆனா ஊர் பாக்க என் வாசல்ல நின்னுட்டீங்க. ஏழு பேரும் நாலு வாரம் இந்தப் பக்கம் வராதீங்க.”

சரிங்க என்றார் அம்மா. உபவாசம் முடிக்கிற மணி மூன்று ஆகியிருந்தது. மில் குழாயில் கை ஏந்தித் தண்ணீர் குடித்து உபவாசத்தை முடித்தார். வீட்டில் மண்டியிட்டு எழும்போது இருக்கிற அதே முகம்.

சின்னம்மாவின் வைத்தியச் செலவை மில் கட்டியது. கை ஆறியதும், கயிறு திரிக்கிற இடத்தில் அவருக்கு உட்கார இடம் கிடைத்தது. நாலு வாரத்தில் வேலைநாள் இருபத்து நாலு. அதில் ஒரு சனிக்கிழமை எப்படியும் உபவாச நாள், அதைக் கழித்துவிட வேண்டும். ஏழு பேருக்குமாகச் சேர்த்து, போனது நூற்று அறுபத்தொரு நாள் கூலி.